துக்கச் சிவப்பு

மூட்டையைப் பிரித்த கையோடு அபேனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா! இது என்ன கலர்?"

"இதுல என்ன சந்தேகம்? சிவப்பு," என்றார் யாவ், நாற்காலியை விட்டு எழாமலேயே.

பச்சை. கொக்கோ இலை மாதிரி அப்பட்டமான கரும்பச்சை. சாவு வீட்டுச் சொந்தங்கள் துக்கச் சிவப்புக்குப் பதில் பச்சை கட்டிக்கொண்டு நின்றால் குமாசி ஊரே கைகொட்டிச் சிரிக்கும். பிணவறையிலிருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. பந்தலில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மனுஷனோ மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கண், தாய்வழியில் வந்தது. சிவப்பும் பச்சையும் அவர்களுக்கு ஒன்றுதான். அப்பா சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். மற்றதுக்கெல்லாம் அபேனாதான். "அபேனா, இந்தச் சட்டை என்ன கலர்? இந்தத் தக்காளி பழுத்துடுச்சா?" அவள் கல்யாணமாகிப் போன பிறகும் ஆள் அனுப்பி வரவழைத்துக் கேட்பார். "எனக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்று எரிந்து விழுந்துகொண்டே சொல்வாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சித்தப்பா?"

"உன்னை எதுக்கும்மா கேக்கணும்? சவப்பெட்டி வாங்குறது பிள்ளைங்க பாடு. துணி எங்க குலத்துப் பாடு. நம்ம வழக்கப்படி நீ உங்கம்மா குலம்."

"குலமாம் குலம்! கலர் தெரியாத குலம்!"

சத்தம் கேட்டு டுஃபி அத்தை உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. துணியைப் பார்த்ததும் நேரே யாவ்மேல் பாய்ந்தாள்.

"அடப்பாவி! உன் அண்ணன் ஒப்போகு சாவுக்கு என்னடா கல்யாணத் துணி எடுத்துட்டு வந்திருக்கே? அபேனா, துணிப் பெட்டியில பழைய சிவப்பு இருக்கு, அதையே கட்டிக்கலாம். இதைக் கொண்டுபோய் ஒளிச்சு வை."

அபேனா மூட்டையைப் பிடித்து இழுத்தாள். யாவ் விடவில்லை.

"இது நான் எடுத்ததில்லை. உங்கப்பா எடுத்தது."

அவள் கை நின்றது.

"படுக்கையில விழறதுக்கு முந்தி என்னைச் சந்தைக்கு இழுத்துட்டுப் போனாரு. கடைக்காரிகிட்டகூட கேக்கலை. அடுக்குலேருந்து அவரே உருவினாரு. 'என் சாவுச் சிவப்பை நானே எடுத்துட்டேன் பாத்தியா, அபேனாவுக்கு இந்தத் தொந்தரவாவது இல்லை'ன்னு வழியெல்லாம் ஒரே சிரிப்பு." யாவ் துணியைத் தடவிப் பார்த்தார். "நல்ல சிவப்புதானேம்மா?"

அபேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும் அந்த மனுஷனுக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். பிறகு ஒரு துணியை உருவி உதறி, கட்டியிருந்த கறுப்புக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள். அத்தையும் ஒன்றை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. பந்தலிலிருந்து எழுந்து வந்த பக்கத்து வீட்டுக்காரி அபேனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, என்ன கலர் இது?"

"சிவப்பு," என்றாள் அபேனா. பெட்டியை இறக்க ஆள் கூப்பிடப் போனாள்.