அற்றோணித் தத்துவம்

1992 மாசி 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, புளியங்கூடலில், கோட்டில் வழக்குப் பேசிய பிரக்கிராசி அம்பலவாணர் தமது எண்பத்து மூன்றாவது வயதில் இறந்தார்.

ஏழு மணிக்கு அவருடைய மகள் மனோகரி அவரது தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு உச்சியில் வரவேண்டும் என்று பக்கத்து வீட்டுக் கமலாதேவி சொன்னாள். இரண்டு தரம் கட்டியும் நழுவியது. மூன்றாம் தரம் கமலாதேவி தானே கட்டிவிட்டு, போய் நல்ல வேட்டியாக ஒன்று எடுத்து வரும்படி அவளை அனுப்பினாள்.

மனோகரிக்கு நாற்பத்தொன்பது வயது. கலியாணம் கட்டவில்லை. இருபத்திரண்டு வருடம் தகப்பனுக்கு எழுத்து வேலை பார்த்தவள். போன ஐப்பசியில் இராணுவம் தீவுக்குள் இறங்கியபோது ஊர் படகேறிப் போனது. நடக்க ஏலாத அம்பலவாணரை விட்டு அவள் போகவில்லை. தம்பி தர்மகுலசிங்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தான். பன்னிரண்டு மைல். இடையில் கடலும், இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துக் காவலும். நான்கு மாதத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது.

அலுமாரியில் வேட்டிகளுக்குக் கீழே நீளமான உறை ஒன்று கிடந்தது. மேலே தகப்பனின் கையெழுத்து: 'நான் இறந்த அன்று பிரிக்கவும்.' அவள் கட்டில் விளிம்பில் இருந்து பிரித்தாள்.

'புளியங்கூடலைச் சேர்ந்த அம்பலவாணர் ஆகிய நான், என் மகன் தர்மகுலசிங்கம் வர இயலாதவிடத்து, என் மகள் மனோகரியை என் அற்றோணியாக நியமித்து, என் உடலுக்குக் கொள்ளி வைக்கவும், அதற்குரிய சகல கருமங்களையும் நானே நின்று செய்தாற்போலச் செய்யவும் இத்தால் அதிகாரம் அளிக்கிறேன்.'

தை மாதத் திகதி. முத்திரை ஒட்டி அதன் மேல் கையொப்பம். சாட்சிக்கு அயல்வீட்டு ஏரம்புவின் கையெழுத்து.

அவள் இரண்டாம் தரம் வாசித்தாள். ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைப்பதற்கு எழுதும் இந்த அற்றோணிப் பத்திரத்தை அவள் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும், எழுதவந்தவரை எதிர்க் கதிரையில் இருத்தித் தகப்பன் ஒரே விசயத்தைச் சொல்லுவார். தந்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் இது செல்லும். அவர் கண்ணை மூடினால் இது வெறும் கடதாசி. அந்த மனிதர்தான் இதை எழுதியிருந்தார். போன மாதங்களில் அவர் மத்தியானம் பன்னிரண்டானால், பதின்மூன்று வருடத்துக்கு முன் செத்துப்போன மனைவி அம்பிகைக்குக் கஞ்சி ஆறிவிட்டதா என்று கேட்கத் தொடங்கியிருந்தார். ஆனால் கடதாசியில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. எழுத்து நேராக இருந்தது.

அம்பிகை பாரிசவாதத்தில் எட்டு வருடம் கிடந்தவள். அந்த எட்டு வருடமும் ஊர்காவற்றுறைக் கோட்டில் அம்பலவாணரின் வழக்குகளைக் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு பிரக்கிராசியாருக்கு வேறு கோடு என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே கரண்டியோடு கட்டிலில் இருந்து மனைவிக்கு ஊட்டுவார். தர்மகுலசிங்கத்துக்குச் சின்ன வயதில் இழுப்பு. மட்டக்களப்பில் நீதவான் உத்தியோகம் தேடிவந்தபோது, அந்தக் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவிட்டார்.

மனோகரி விடுதியில் படித்த காலத்தில் ஞாயிறு தோறும் கடிதம் வரும். மனுவைப்போல இலக்கம் போட்டுத்தான் எழுதுவார். ஒன்று, அம்மா சுகம். இரண்டு, பசு கன்று போட்டது. மூன்று, மகளே, நீர் இல்லாததால் வீடு பெரிதாகிவிட்டது. நான்கு, இங்கே நல்ல மழை. சொல்ல நினைத்தது மூன்றாவதில் வரும். உடனே அதை மூட நாலாவது.

ஒன்பது மணிக்குக் கிராம அதிகாரியான விதானையார் இராணுவ முகாமுக்குப் போய்வந்தார். பிற்பகல் நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும், சுடலைக்கு எட்டுப் பேருக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் அதற்கு மேல் ஆம்பிளைகளும் இல்லை.

பதினொன்றுக்குப் பரமலிங்கம் வந்தார். தோய்ந்து, ஈரத் தலையோடு, வெள்ளை வேட்டியும் சால்வையுமாக. அம்பலவாணருடைய பெரியப்பாவின் பேரன், அறுபத்தாறு வயது. மகன் இல்லாத இடத்தில் கொள்ளி வைக்க உரித்துள்ள பங்காளி இப்போது அவர் ஒருவர்தான். அந்த வீட்டுப் படி ஏறி முப்பது வருடம் ஆகியிருந்தது.

ஏனென்று ஊருக்குத் தெரியும். 1961இல் பரமலிங்கம் ஒரு பனங்காணி வாங்கினார். மலாயாவில் இருந்த காணிச் சொந்தக்காரர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் பேரில் விற்பனை உறுதி எழுதி முடிந்தது. முடிவதற்கு ஒன்பது நாள் முன்பே அந்த மனிதர் அங்கே செத்துப்போயிருந்தார். எதிர்ப் பக்கத்துக்குப் பேசியவர் அம்பலவாணர். காணி போய்விட்டது.

மனோகரி கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காட்டாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பரமலிங்கம் கொள்ளி வைப்பார், முறையும் அதுதான். காட்டினால், தகப்பன் எழுதியதில் பிழை பிடிக்கக்கூடிய ஒரே மனிதரின் கையில் கொடுக்கவேண்டும்.

எழும்பிப் போய், முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் கொடுத்தாள்.

விசயத்தைக் கேட்டதும் கமலாதேவி வாயில் கையை வைத்தாள். பொம்பிளைகள் வீட்டு வாசல் சங்கடப்படலையோடு நிற்கிறதுதான் வழக்கம், சுடலை வாசலை இந்த ஊரில் எவள் மிதித்தாள் என்று கேட்டாள். சாட்சி வைத்த ஏரம்பு, தனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்துப் போடு என்றார், போட்டேன் என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"பிரக்கிராசியார் செத்தும் எங்களுக்கு ஒரு வழக்கு வச்சுவிட்டிட்டுப் போட்டார்."

பரமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மெதுவாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்து, மேலே திகதிக்குப் போய், திரும்பவும் கீழே வந்தார். மனோகரி அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கையொப்பத்தின் மேல் நின்றது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பிரேதத்தைப் பார்த்தார்.

"செல்லும்" என்றார்.

"என்ன பரமலிங்கம், பொம்பிளைப் பிள்ளை…" என்று விதானையார் தொடங்கினார்.

"சட்டப்படி எழுதியிருக்கு. பங்காளி நான் சொல்லுறன், செல்லும். நேரம் போகுது, தூக்கிற வேலையைப் பாருங்கோ."

பறை இல்லை. கிரியை செய்யும் குருக்கள் ஐப்பசியிலேயே அக்கரைக்குப் போய்விட்டார். கமலாதேவி உரலில் சுண்ணத்தை இடித்தாள். பாட்டு ஒருவருக்கும் முழுதாகத் தெரியாததால் உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு பேர் மாறி மாறித் தூக்கினார்கள். வழியில் இருந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. மனோகரி கொள்ளிச் சட்டியோடு முன்னே நடந்தாள். கமலாதேவி சந்திவரை வந்து அங்கேயே நின்றுவிட்டாள்.

விறகு போதவில்லை, பனங்குற்றியும் பழைய கூரைச் சலாகையும் சேர்த்து அடுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் குடத்தில் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பரமலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கடதாசி கையிலை இருக்கோ?"

"ஓம்."

"தாரும்."

அவள் கொடுக்கவில்லை.

"அண்ணை, அது செல்லாது எண்டு உங்களுக்குத் தெரியும்."

"முப்பது வருசமாத் தெரியும். அந்தக் காணியாலை போகேக்கை எல்லாம் நினைக்கிறனான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆரும் படிச்சவன் கண்டால், அம்பலவாணருக்குக் கடைசியிலை சட்டம் தெரியாமல் போச்சு எண்டு சொல்லுவான். அதை நான் கேக்க ஏலாது. தாரும்."

அவள் மடித்துக் கொடுத்தாள். அவர் அதை நெஞ்சுப் பக்கத்து விறகுக்குக் கீழே செருகி, மேலே ஒரு பனங்குற்றியை இழுத்து வைத்தார்.

மனோகரி குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பரமலிங்கம் பின்னாலிருந்து கத்தியால் ஒரு துளை போட்டார். தண்ணீர் அவளது முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்புறமாக விட்டாள். கொள்ளியை வாங்கி, முகத்தைத் திருப்பி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். திரும்பிப் பாராமல் நடக்கும்படி பரமலிங்கம் சொன்னார். அவள் நடந்தாள். அப்போது மூன்று இருபது. நாலு மணிக்கு முன்னர் எல்லாரும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

எட்டாம் நாள் அவள் செஞ்சிலுவைக் கடிதத்தாளில் தம்பிக்கு எழுதினாள். குடும்பச் செய்தி மட்டும் எழுத அனுமதி. ஒன்று, ஐயா மாசி 11ஆம் திகதி காலை இறந்தார். இரண்டு, நித்திரையில் போனார், நோகவில்லை. மூன்று, கொள்ளி நான் வைத்தேன். நான்கு என்று இலக்கம் போட்டாள். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

கடிதம் வைகாசி 6ஆம் திகதி திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று மேலே எழுதியிருந்தது.