மாஸ்க் மாஃபி

1

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். கல்ஃபில், அல் குசைஸில் ஒரு ஏசி கம்பெனிக்கு நான் ஸ்டோர் கீப்பர். கேம்ப் ரூமில் பசையை மோந்து மயங்கிக் கிடந்தான் என்று எங்கள் கம்பெனி ஆள் கார்மேகத்தைப் போலீஸ் கூட்டிப்போனது. மறுநாள் கம்பெனி கேட்ட வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்த கையோடு இதை ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கார்மேகம் ஒரு போதை அடிமை. தண்ணீர் பாட்டிலில் பசையை ஒளித்து…'

(வேண்டாம். அவன் பீடிகூடக் குடிக்காதவன்.)

இரண்டாவது: 'ஏசி டக்ட்டுக்குள், அந்தத் தகரக் காற்றுக்குழாய்க்குள், படுத்துக்கொண்டு ரப்பர் ஷீட் ஒட்டுவது கார்மேகத்தின் டூட்டி. பசை நெடி மண்டைக்கு ஏறும். அதற்கென்று மாஸ்க் உண்டு. ஆனால் மூன்று மாதமாக ஸ்டோரில்…'

(இந்த வாக்கியத்தை நாலு தடவை தொடங்கி நாலு தடவையும் விட்டுவிட்டேன்.)

3

இந்தப் பேச்சில் மட்டும் கற்பனை இல்லை:

"அண்ணே, மாஸ்க் வந்துச்சா? தலை சுத்துதுண்ணே."

"மாஃபி. இல்லன்னா இல்லதான். யல்லா, சைட்டுக்குப் போ."

மாஸ்க் தீர்ந்ததை நான் ஆபீசில் சொல்லவே இல்லை. முன்கூட்டியே ஏன் கேட்கவில்லை என்று திட்டுவார்களே என்ற பயம். சே, நானெல்லாம் என்ன மனுஷன்!

அப்புறம் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். லீவு நாளில் அந்த நெடி இல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. மிச்சப் பசையை ரூமுக்கு எடுத்துப்போனான்.

(அடிக்குறிப்பு: போதைக்காகப் பசையை மோந்தால் இங்கே சட்டப்படி குற்றம். அதையே டக்ட்டுக்குள் பத்து மணி நேரம் மோந்தால் ஓவர்டைம் சேர்த்து டூட்டி.)

4

நான் வாக்குமூலம் எழுத உட்காருமுன் அவன் மனைவி நாகவள்ளி ஊரிலிருந்து போன் பண்ணினாள்.

"அண்ணே, அவரு வேலையே பசை ஒட்டுறதுதானே? மாஸ்க் இல்லாமத்தான் பழகிப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா விட்டுருவாங்களாமே?"

"எழுதுறேம்மா" என்றேன்.

5

முடிவு ஒன்று: கார்மேகத்துக்கு ஜெயில். முடிவு இரண்டு: இரக்கப்பட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வாக்குமூலத்தின் ஒரே வரியில் தொங்குகின்றன:

'ஏப்ரல் முதல் ஜூன் வரை கார்மேகத்துக்கு மாஸ்க் ……………'

நிஜத் தாளில் 'தவறாமல் கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சேஃப்டி ஆபீசர் முகம்மது சித்தீக், "கலாஸ், முடிஞ்சது" என்று வாங்கிப்போனார்.

கதையில் மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நாகவள்ளி மறுபடியும் கூப்பிடுகிறாள். நான் எடுக்கப்போவதில்லை.