அப்பா தவறவிடமாட்டார்

அப்பாவின் இலக்கு அட்டையில் நான்கு துளைகள் இருந்தன. ஐந்து இருக்க வேண்டும்.

நடுக்கருப்பில் ஒன்றையொன்று தொட்டபடி நான்கு. ஐந்து பிராங்கு நாணயத்தை வைத்தால் எல்லாம் மறைந்துவிடும். சுற்றிலும் அட்டை சுத்தமாக இருந்தது.

மேலூருக்கும் கீழூருக்கும் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கைத்துப்பாக்கிப் போட்டி இது. தோற்ற ஊர் பாத்திரம் கழுவ வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இலக்குகளுக்கு நடந்துபோய்த் துளைகளை எண்ணி, அவற்றின் மேல் காகிதப் பொட்டு ஒட்டுவது என் வேலை. கூட்டத்தில் பேச வராதவள் என்று பார்த்துக் கொடுத்த வேலை. எண்ணைக்கூட நான் கூவுவதில்லை. விரல்களால் காட்டுவேன்.

நான்கு விரல்களைக் காட்டினேன்.

"டேய் துரி, ஒண்ணு காணோமேடா!" என்று அப்பாவைக் கூப்பிட்டார் ஜாக்கென் மாமா. துப்பாக்கிச் சங்கத் தலைவர். அப்பாவும் அவரும் படையில் ஒரே பிரிவில் இருந்தவர்கள். "இத்தாலிக்கே போயிடுச்சா? எல்லையில சுங்கக்காரன் பிடிச்சு வெச்சிருப்பான், போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வா."

கீழூர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பார்ப்லா கை தட்டினாள். "இந்த நாளுக்குத்தான் இத்தனை வருஷமா காத்திருந்தேன். பெரிய பானை உனக்குத்தான் துரி. அடியில நல்லாப் பிடிச்சிருக்கு, பாத்துத் தேய்."

அப்பா சிரித்தார். "வயசாயிடுச்சு பார்ப்லா. கை நடுங்குது."

கை நடுங்கவில்லை. நடுங்கிய கை அந்த நான்கைச் சுட்டிருக்காது.

ஒரே துளையில் இரண்டு போயிருக்கலாம். அதைப் பார்க்க எங்களிடம் ஒரு சிறு பித்தளை முளை உண்டு. ஒவ்வொரு துளையிலும் நுழைத்துப் பார்த்தேன். எதுவும் அகன்றிருக்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு முன் அட்டைக்குப் பின்னால் மாற்றி வைத்த புதுப் பலகையையும் பார்த்தேன். அதிலும் நான்குதான். மரச்சட்டத்தில் கீறல்கூட இல்லை.

அந்த ஐந்தாவது தோட்டாவை அப்பா சுடவே இல்லை.

சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் எங்கள் மாடுகளில் ஒன்றுக்குக் காசநோய் என்று தெரிந்தது. சட்டப்படி எல்லாவற்றையும் கொல்லக் கொண்டுபோனார்கள். லாரி போன பிறகு அப்பா தொழுவத்தைக் கழுவினார். மறுநாளும் கழுவினார். மாடு இல்லாத தொழுவத்தை விடியுமுன் எழுந்து இப்போதும் கழுவுகிறார். அம்மா இறந்தபோதுகூட இப்படி இல்லை. அப்போது கறக்க மாடுகள் இருந்தன.

கூர் நகரத்தில் எனக்கு ஓர் ஆய்வகத்தில் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் துப்பாக்கி படுக்கையறை அலமாரியில் எப்போதும் உறையோடு தொங்கும். படையிலிருந்து விலகும்போது அவர்கள் கொடுத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் அப்படி ஒன்று தொங்கும். அப்பா தொழுவத்தில் இருக்கும்போது வீடு முழுவதும் தோட்டா தேடினேன். மாவு டப்பாவில்கூடக் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போட்டிக்கான தோட்டாக்களை இங்கே கொடுப்பார்கள், இங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும். வீட்டுக்கு எதுவும் போகாது. அந்த ஒரு எண்ணத்தில்தான் இத்தனை நாள் தூங்கினேன்.

நேற்று அவராகவே, "நாளைக்குப் போட்டிக்குப் போலாமா?" என்றபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்.

கடைசிச் சுற்றில் எட்டுப் பேர் வரிசையாக நின்று, அரை நிமிடத்துக்குள் ஐந்து முறை சுட வேண்டும். அந்தச் சத்தத்தில் யார் எத்தனை சுட்டார் என்று யாருக்கும் தெரியாது. வெற்றுத் தோட்டாக் கூடுகள் எல்லாருடையதும் கலந்து கிடக்கும். முடிந்ததும் துப்பாக்கி காலியா என்று மாமா பார்ப்பார். பார்த்தார். காலிதான். நான்கை மட்டும் போட்டுச் சுட்ட துப்பாக்கியும் காலியாகத்தான் இருக்கும்.

அப்பாவின் உறை தடித்த பழுப்புத் தோல். மூடிக்குக் கீழே, தோட்டாக்கள் அடைத்த உபரி மேகசின் வைக்க ஒரு சின்னப் பை உண்டு. உபரி மேகசின் தொலைந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பையில் பெப்பர்மிண்ட் மிட்டாய் வைத்திருப்பார். போட்டி தொடங்குமுன் எதிராளிகளுக்கும் கொடுப்பார். இன்று பார்ப்லா கை நீட்டியபோது, "தீர்ந்துபோச்சு" என்றார்.

அது நினைவுக்கு வந்ததும் இன்னொன்றும் வந்தது. சுட்டு முடித்ததும் அப்பா, "என்னிடம் தோட்டா இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் உறையை மூடுவார். படையில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அதிகாரி முன் நின்று எல்லாரும் சொல்லும் உறுதி வாக்கியம். சங்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் நட்புப் போட்டியில், சூப் வாசனை வந்த பிறகு, யாரும் அதைக் கேட்பதில்லை. அப்பா மட்டும் யாரும் கேட்காமலே, தனக்குத்தானே சொல்வார். இன்று சொல்லாமல் மூடினார்.

மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, ஒரு நிமிஷம். அப்பாவோட அட்டை..."

"அடடா, மார்க் கூட்டிப் போடச் சொல்றியா? முடியாதும்மா. பார்ப்லா என்னைப் பானைக்குள்ளயே போட்டு மூடிடுவா."

"அது இல்ல மாமா..."

அவர் அதற்குள் வேறு யாரையோ கட்டிப்பிடித்திருந்தார். ஆற்றங்கரையில் மேசைகள் போட்டிருந்தார்கள். எல்லாரும் அங்கே நகர்ந்தார்கள். அப்பா தன் நாய் மூரைக் கயிற்றோடு மாமாவிடம் நீட்டுவதைப் பார்த்தேன்.

"மூரை ரெண்டு நாள் வெச்சுக்கோயேன். எனக்கு வெளியூர் போக வேண்டியிருக்கு."

"நீ வெளியூரா? பொண்ணு பாக்கவா?"

அப்பா அதற்கும் சிரித்தார். பிறகு என்னிடம் வந்தார். மாதக்கணக்கில் அவர் முகம் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. "மத்லைனா, நீ நாளைக்கு முதல் பஸ்ல கூருக்குக் கிளம்பு. எத்தனை நாள்தான் லீவு போடுவே? நான் நல்லாத்தான் இருக்கேன், பாத்தியில்ல?"

தனியாகக் கேட்கலாம். கேட்டால் இல்லை என்பார், இதே முகத்தோடு. உறையைப் பிடுங்கப் போனால் என் கையை மெதுவாக விலக்கிவிடுவார். அவர் பலசாலி. இரவு நான் விழித்திருக்கலாம். ஒரு இரவு, இரண்டு இரவு. அப்புறம் தூங்கிவிடுவேன்.

அவர் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். எல்லார் முன்னாலும் அந்த வாக்கியத்தைப் பொய்யாகச் சொல்ல அவரால் முடியாது. என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பெஞ்சின் மேல் ஏறினேன்.

"இன்னும் உறுதி சொல்லல," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "யாரும் உறுதி சொல்லல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கரண்டிகள் நின்றன.

"மத்லைனாவா கத்தினா?" என்றாள் பார்ப்லா. "இவளுக்குக் குரல் இருக்கா?"

"சூப் ஆறுதும்மா," என்றார் மாமா.

"சொல்லிட்டுக் குடிங்க. எல்லாரும்."

வேடிக்கையாக எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் படைவீரன் போல விறைத்துக்கொண்டு சொன்னார். "என்னிடம் தோட்டா இல்லை, பல்லும் இல்லை," என்றார் இன்னொருவர். பார்ப்லா சொன்னாள். மாமா சொன்னார்.

அப்பா கடைசி. என்னை நேராகப் பார்த்தார். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னிடம் தோட்டா இல்லை," என்றார்.

தெளிவாகச் சொன்னார். தடுமாறவே இல்லை.

எல்லாரும் உட்காரத் தொடங்கினார்கள். மாமா கரண்டியை எடுத்தார்.

"அப்பா பொய் சொல்றார்," என்றேன்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏய்," என்றார் மாமா. அவர் என்னை அதட்டியது அதுவே முதல் தடவை. "யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"அப்பா தவறவிடமாட்டார் மாமா. நாலு ஒரே இடத்துல இருக்கு. அஞ்சாவதைச் சுடவே இல்ல. மிட்டாய்ப் பையைப் பாருங்க. நாயை ஏன் உங்ககிட்ட குடுத்தார்? என்னை ஏன் நாளைக்கே போகச் சொல்றார்? பாருங்க மாமா, தயவு செஞ்சு பாருங்க..."

மாமா கையிலிருந்த நாய்க்கயிற்றைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"துரி," என்றார். "கழட்டு."

அப்பா அசையவில்லை. அவர் கை உறையின் மேல் இருந்தது. மாமா மேசையைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றார். கயிற்றை விடாததால் மூரும் கூடவே வந்து இருவர் காலுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

"என்னடா இது," என்றார் மாமா. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பொழுதன்னைக்கும் உளறிட்டு இருக்கேன், ஒரு நிமிஷம் வாயை மூடுடான்னு சொல்லக்கூடாதா?"

அப்பா பெல்ட்டை அவிழ்த்தார். உறையை மேசைமேல் சூப் தட்டுகளுக்கு நடுவே வைத்தார். மாமா சிறு பையில் விரல் விட்டு எடுத்தார். ஒரே ஒரு தோட்டா. அதில் பெப்பர்மிண்ட் தூள் ஒட்டியிருந்தது.

பார்ப்லா எழுந்துபோய் ஒரு தட்டில் சூப் ஊற்றி அப்பா முன்னால் வைத்தாள். அவர் தோளில் கை வைத்தாள், எடுக்கவில்லை. உறையையும் துப்பாக்கியையும் மாமா சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை அப்பாவிடம் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு உன் வீட்டுலதான் படுக்கப்போறேன்," என்றார். "குறட்டை விடுவேன். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட நான்தான் உன்னைக் கூட்டிட்டுப் போவேன். வர மாட்டேன்னு சொன்னா தூக்கிட்டுப் போவேன்."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை.

"ஊர் முன்னால என்னைப் பொய்யன்னு சொல்லிட்டே," என்றார்.

"ஆமாப்பா."

"ஒண்ணு எங்கயாவது வெளிய போயிருக்கும்னு உனக்குத் தோணலயா?"

"இல்லப்பா."

அவர் கரண்டியை எடுத்தார். இப்போதுதான் அவர் கை நடுங்கியது. சூப் மேசையில் சிந்தியது. அதைத் துடைக்காமல் மறுபடி அள்ளினார்.

முதல் பஸ்ஸில் நான் போகப்போவதில்லை என்று அவரிடம் சொன்னேன். மேசைக்குக் கீழே மூர் அவர் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.