வீரையா அண்ணன் மறந்துவிட்டுப்போன அடிமட்டம்

1.

இந்தக் கதை, கொப்பியில் ஓரக்கோடு அடிக்கப்போய் வந்தது. மடவளையில் அரூஸ் நானாவின் கடையில் கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவள் நான். வார்ப்புப் பட்டறைகளுக்கு மூசை*, மணல், உலை விற்கிறோம், இப்போது மென்பொருளும். இந்தக் கொப்பி, விளிம்பு உடைந்த மூசை ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும். அதை யாரும் வாங்கப்போவதில்லை.

(*உலோகம் உருக்கும் பானை. இனி நட்சத்திரம் போடமாட்டேன். கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் போட்டால் பக்கம் வானமாகிவிடும்.)

2.

தொடக்கம் ஒன்று: உருகிய பித்தளை அந்திச் சூரியனைப் போல... (பட்டறைப் பக்கம் நான் போனதேயில்லை.)

தொடக்கம் இரண்டு: நேற்று வத்தேகமைப் பட்டறையிலிருந்து வீரையா அண்ணன் வந்தார். (உண்மை. இருக்கட்டும்.)

தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டும் மெசினுக்கு அவர் பன்னிரண்டு பித்தளைப் பட்டைகள் வார்க்கவேண்டும். நாளை அவை பொருந்தாவிட்டால் வேலை கொழும்புக்காரர்களிடம் போய்விடும். பழைய பட்டையைத் தன் அடிமட்டத்தால் அளந்து அவர் சொல்லச்சொல்ல நான் கம்பியூட்டரில் தட்டினேன்.

"பித்தள ஆறுனா சுருங்குமேங்க?"

"அதெல்லாம் கம்பியூட்டரே கூட்டிக்கொள்ளும்" என்றார் அரூஸ் நானா.

"அப்ப எனக்கு என்னங்க வேல?"

"ஊத்துற வேல ஈக்கே!"

"இந்தப் பாப்பா பேசவே பேசாதா?"

"வாய் தொறக்காது. வெரல்தான் பேசும்."

கம்பியூட்டர் சொன்னபடி கடை மெசின் செதுக்கிய மர அச்சோடு அவர் போனார். அடிமட்டத்தை மறந்துவிட்டார்.

3.

இன்று அதை வைத்துக் கோடு அடித்தேன். என் அடிமட்டத்தைவிட ஓர் அரிசி நீளம். இரண்டிலும் பன்னிரண்டு அங்குலம்தான்!

அச்சு செய்கிறவர்களிடம் இப்படியொன்று இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அதில் அங்குலங்களே சற்றுப் பெரியவை. அச்சில் குறிக்கத்தான் அது. பழைய பட்டையை அளக்க அல்ல. பெரிய அங்குலத்தால் அளந்தால் எண் குறையும். குறைந்த எண்ணைத்தான் என் விரல் பேசியிருக்கிறது. பட்டைகள் ஓர் அரிசி குட்டையாக வரும். நீளமென்றால் அராவிவிடலாம். குட்டையை என்ன செய்வது?

4.

இங்கே கதைக்குள் கஜலட்சுமி என்று ஒருத்தியைக் கொண்டுவந்தேன். அவள் உடனே ஃபோனை எடுத்து, "அண்ணே, ஊத்தாதீங்க!" என்று கத்தினாள். நம்பமுடியவில்லை. ஃபோன் அடித்தாலே நான் மணல் மூட்டைக்குப் பின்னால் போகிறவள். அவளை வெட்டிவிட்டேன்.

5.

முடிவு அ: அரூஸ் நானா ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்வரை காத்திருக்கிறேன். (வர ஒன்றரையாகும். இன்று ஒரு மணிக்கு ஊற்றுவேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.)

முடிவு ஆ: வேறு யாராவது கவனித்து... (யார்? அடிமட்டம் இங்கேயல்லவா இருக்கிறது.)

முடிவு இ: மணி பன்னிரண்டு ஐம்பது. கடை ஃபோனில் அவர் நம்பரை அழுத்திவிட்டேன். ஒரு கையில் ஃபோன், மறு கையில் பேனை. மணி போகிறது. கஜலட்சுமியை வெட்டியிருக்கக்கூடாது.

"ஹலோ? யாருங்க?"

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தக் கொப்பியைக் கொஞ்சம் பிடியுங்கள். மூசைக்குள் வைக்க நேரமில்லை.