மூன்று கோப்பைகளில் ஒன்று

கராஜுக்குள் நுழைந்த டோனா கையுறையைக் கூடக் கழற்றவில்லை. அதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

"யோவ் லாய்ட், வாசல்ல பனிக்குள்ள பானையைப் புதைச்சு வச்சிருக்கியே, அது என்ன, பொணமா?"

"காய்ச்சின பீரை ஆற வச்சிருக்கேன். காசில்லாத ஐஸு. மணிக்கணக்கா குழாய்த் தண்ணிய ஓட்டி ஆற வைக்க நான் என்ன உன்னை மாதிரி சீமாட்டியா?"

"அட மண்டு. பானை சூட்டுல சுத்தியிருக்கற பனியெல்லாம் உருகி விலகிப் போச்சு, போய்ப் பாரு. இப்ப அது நடுவுல இருக்கற காத்தைக் கம்பளியாப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கு. ஈஸ்டருக்குத்தான் ஆறும்."

எல்லோரும் சிரித்தார்கள். டூலூத் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களின் சங்கம் பிப்ரவரியில் கூடினால் கிளிண்ட்டின் கராஜில்தான் கூடும். கிளிண்ட் குழாய் வேலை செய்பவன். அடுப்பு, ரப்பர் குழாய், பம்பு எதற்கும் அங்கே பஞ்சமில்லை. காலையிலிருந்து ஆளுக்கொரு மூலையில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மால்ட் என்னும் முளைகட்டிய பார்லி, கசப்புக்கு ஒரே ஹாப்ஸ் பூ. வழிதான் வேறு வேறு. லாய்ட் மீன்பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ்பெட்டியில்தான் ஊறல் போடுவான். அதில் இன்னும் மீன் வாடை அடிக்கிறது என்று டோனா வருஷா வருஷம் சொல்வாள். கிளிண்ட் துணிப்பைக் கட்சி. ஒரே பானை, ஒரே பை. ஊறியதும் பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டால் வேலை முடிந்தது.

"பிழியாதேன்னு எத்தனை தடவை சொல்றது கிளிண்ட்? துவர்த்துத் தொலையும்," என்றாள் டோனா.

"ஈரத்துணிய யாராவது பிழியாம காயப் போடுவாங்களா? எனக்குச் சொல்லிக் குடுத்தவனே டெரிக்தான். போய் அவனைக் கேளு..."

கிளிண்ட் சட்டென்று நிறுத்தினான். கதவருகே டெரிக் நின்றிருந்தான். கையில் ஒரு பெட்டி, காலடியில் இன்னொன்று. நவம்பருக்குப் பிறகு அவன் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

"பிழியலாம். துவர்க்காது," என்றான் டெரிக்.

அடுப்புகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. லாய்ட் எழுந்துபோய் ஒரு பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தான்.

"இதானா அது?" என்றான்.

"இதான்."

அக்டோபரில், டெரிக்கும் அவன் மனைவி மேரனும் ஒரே நாளில், தங்கள் வீட்டு கராஜில், ஒரே கறுப்பு பீரைத் தனித்தனியாகக் காய்ச்சினார்கள். யார் காய்ச்சும் வழி நல்லது என்று கல்யாணமான நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சண்டையை முடித்துவைப்பதற்காக. டெரிக் பையில் போட்டான். மதியத்துக்கெல்லாம் முடித்துவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். மேரன் தன் வழக்கப்படி ஊறலில் மூன்றில் ஒரு பங்கைத் தனிப்பானையில் எடுத்து, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறிக் கொதிக்கவைத்து, பழுப்பேறியதும் பெரிய பானையில் திரும்ப ஊற்றினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி கிளறினாள். பிறகு தானியத்தைச் சுடுநீரால் துளித்துளியாகக் கழுவினாள். இருட்டும்வரை நின்றுகொண்டே இருந்தாள். ரொட்டி கருகப் போகும் சமயத்து வாசனை வீடு முழுக்க அடித்தது.

"ஒரு நாள் பூரா கரண்டியும் கையுமா நிக்கறியே," என்றான் டெரிக். "எப்படிப் பண்ணினா என்ன? குடிக்கறவனுக்குத் தெரியவா போகுது?"

"தெரியும்டா. கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் தெரியும். உன் சோம்பேறி பீர் ஒரு பக்கம், என்னோடது ஒரு பக்கம்."

பாட்டிலில் அடைக்கும்போது அவனை வெளியே அனுப்பிவிட்டாள். அவன் திரும்பி வந்தபோது ஒரு பெட்டியில் எல்லா மூடியிலும் நட்சத்திரம், மற்றதில் எல்லாவற்றிலும் வட்டம்.

"எது எது?"

"எல்லாம் என் தலைக்குள்ள பத்திரமா இருக்கு. பிப்ரவரில சங்கத்துல சொல்றேன். இப்பவே சொன்னா நீ திருட்டுத்தனம் பண்ணுவே."

நவம்பரில், சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டெரிக் இதையெல்லாம் கராஜில் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும். அவன் சொன்னது இவ்வளவுதான்:

"எது அவளோடதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அதை மட்டும் எடுத்து வச்சுக்கறேன். கெட்டியான பீரு, நிலவறைல பல வருஷம் தாங்கும். வருஷத்துக்கு ஒண்ணு திறப்பேன். என்னோடதை இன்னிக்கே குடிச்சுத் தீர்த்துடலாம்."

"அவ்வளவுதானே?" என்றாள் டோனா. பீர்ப் போட்டிகளில் நடுவராக உட்காருபவள் அவள். "நாலு மணிநேரம் கிளறின பீர் எனக்குத் தெரியாதா? கொண்டா."

"இரு, முறையாச் செய்வோம்," என்றான் கிளிண்ட். "முதல்ல ரெண்டும் வேறயான்னே தெரியணும். ஆளுக்கு மூணு கோப்பை. ரெண்டுல ஒரே பீரு, ஒண்ணுல மட்டும் மத்தது. தனியா இருக்கறது எதுன்னு சீட்டுல எழுதுங்க. பன்னெண்டு பேர் இருக்கீங்க. கண்ணை மூடிட்டுக் குத்துமதிப்பா எழுதினாலே நாலு பேருக்குச் சரியா வரும். எட்டுப் பேராவது சொன்னாத்தான் நம்பலாம். அப்புறம் எது மேரனோடதுன்னு பாப்போம்."

பெட்டிகளோடு வீட்டுக்குள் போனவன் தட்டுத் தட்டாகக் கோப்பைகளோடு திரும்பி வந்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பொட்டு ஒட்டியிருந்தது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே நுரை.

டெரிக் சிவப்பை முகர்ந்தான். குடித்தான். நல்ல பீர். வேறொன்றும் தோன்றவில்லை. மஞ்சளும் அப்படித்தான். பச்சையை வாயில் வைத்ததும் நிறுத்தினான். ரொட்டியின் கருகிய ஓரம். அந்தச் சாயங்காலம். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பிடரியில் ஒட்டிய முடியை மணிக்கட்டால் ஒதுக்கிவிடும் மேரன். இன்னொரு வாய் குடித்தான். சந்தேகமே இல்லை. பச்சை என்று எழுதி மடித்தான்.

மூன்று மாதங்களில் முதல்முறையாக அவனுக்குப் பசித்தது. மேசையில் இருந்த புகைபோட்ட மீனில் ஒரு துண்டை எடுத்துத் தின்றான்.

"என்னடா, கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் டோனா.

"ம்."

"நானும்தான். பட்டவர்த்தனமா இருக்கு. இது தெரியாதவன் லாய்ட் மாதிரி மீன் பெட்டியைத்தான் கட்டிட்டு அழணும்."

கிளிண்ட் சீட்டுகளைப் பிரித்து மூன்று குவியலாக வைத்தான். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி பார்த்தான். அதைப் பார்த்ததுமே டெரிக்குக்கு முடிவு தெரிந்துவிட்டது. எட்டு இருந்தால் இரண்டாம் தடவை யார் எண்ணுவார்கள்?

"தனியா இருந்தது மஞ்சள்," என்றான் கிளிண்ட். "மஞ்சள் வட்டம். சிவப்பும் பச்சையும் நட்சத்திரம். மஞ்சள்னு எழுதினது நாலு பேர்."

டோனா தன் பச்சைக் கோப்பையைத் திரும்ப எடுத்து முகர்ந்தாள். கீழே வைத்தாள்.

டெரிக்கும் முகர்ந்தான். சிவப்பு, பச்சை, சிவப்பு. ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியவை. ஒன்றில் அவள் இருந்தாள். மற்றதில் வெறும் பீர். இப்போது இரண்டிலும் பீர்தான் இருந்தது.

"அப்ப டெரிக் சொன்னதுதான் கரெக்டு," என்றான் கிளிண்ட், சீட்டுகளைக் கூட்டி அள்ளியபடி. "எப்படிப் பண்ணினாலும் ஒண்ணுதான். ஜெயிச்சிட்டே..."

பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. குனிந்து அடுப்பின் திருகைத் திருகினான். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

"இன்னொரு தடவை வைப்போம்," என்றான் லாய்ட். "மீனைத் தின்ன வாயோட குடிச்சா எப்படித் தெரியும்?"

"வேணாம்," என்றான் டெரிக். "சோதனையை விடுங்க. உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க, போதும். எது அவளோடது?"

"நட்சத்திரம்," என்றான் லாய்ட்.

"வட்டம்," என்றாள் டோனா.

இருவரும் ஒரே நேரத்தில், ஒரே உறுதியோடு சொன்னார்கள். சொன்னபிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாய்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

டெரிக்குக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்திருந்தான்.

சோதனை முடிந்தால் மிச்சத்தை எல்லோருமாகக் குடிப்பது சங்கத்து வழக்கம். இன்று யாரும் பாட்டிலைத் தொடவில்லை. டெரிக்கே பெட்டிகளை வீட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்து, ஓப்பனரை எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து மேசையில் வரிசையாக வைத்தான். நட்சத்திரம், வட்டம், வட்டம், நட்சத்திரம். மூடிகளைப் பழைய காப்பி டப்பாவில் போட்டான்.

"டேய், பைத்தியமா உனக்கு?" டோனா அவன் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போடா."

"எதை?"

அவள் அவன் கையை விட்டாள்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போயேன்," என்றான் லாய்ட் மெதுவாக.

"வருஷா வருஷம் ஒண்ணைத் திறந்து, இது அவளா நானான்னு யோசிச்சுட்டு உக்காரவா? ஊத்துங்க. பீர்தானே. எதுவா இருந்தா என்ன?"

ஊற்றினார்கள். நின்றபடி குடித்தார்கள். நல்லா இருக்கு என்று ஒருவர் சொன்னார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. வாசலில் லாய்ட்டின் பானை இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைக்கூட யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

காலி பாட்டிலை உடனே கழுவாவிட்டால் அடியில் ஈஸ்ட் காய்ந்து பிடித்துக்கொள்ளும். டெரிக் கராஜ் தொட்டியில் சுடுநீரைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து டோனா பக்கத்தில் வந்து நின்றாள். அவன் கழுவிக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்துக் கவிழ்த்தாள்.

"இதுல அடியில கொஞ்சம் இருக்கு," என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் வாங்கி மறுபடி குலுக்கிக் கழுவினான். வெள்ளையாக ஏதோ கலங்கி வெளியே வந்து தண்ணீரோடு போனது.

"இப்ப சுத்தம்," என்றாள்.