பல்லால் கேட்ட கிட்டார்

நண்பர்கள் அவனைக் கரமுரா என்றுதான் கூப்பிடுவார்கள். கிட்டார் கம்பிகளுக்கு நடுவே துணி கிளிப், ஸ்பூன் என்று எதையாவது செருகி, அது என்ன சத்தம் போடுகிறது என்று பார்ப்பது அவன் வழக்கம். ஒரு மெல்லிசைக் குழுவில் கொஞ்ச நாள் இருந்தான். பாட்டு உச்சத்தில் இருந்தபோது பேனா மூடியைக் கம்பிக்கடியில் தள்ளிவிட, அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

தங்கியிருந்தது அக்கா வீட்டில். அவள் நர்ஸ், இரவுப் பணி முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவாள்.

"தாராளமா வாசி. என் காதுல விழுந்துச்சு, கிட்டார் ஜன்னல் வழியா போயிடும்."

சொன்னால் செய்கிறவள். அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரைத் தொடாமல், கிட்டாரின் மரத்தில் காதை வைத்து மெல்ல வாசித்தான். ஒரு நாள் வாயும் சும்மா இருக்கவில்லை. கிட்டாரின் விளிம்பைக் கடித்தபடி ஒரு கம்பியை மீட்டினான். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. மண்டைக்குள்ளேயே எழுந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சின்ன அரங்கில் வாசிக்க வாய்ப்பு கிடைத்தது. நடுவில் எழுந்து, சலவை செய்த கைக்குட்டையை நீட்டி, "யாராவது வந்து கடிச்சுப் பாக்குறீங்களா?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. ஒரு பெண் மட்டும் வந்தாள். கைக்குட்டையைக் கிட்டார் விளிம்பில் போட்டுக் கடித்தாள். அவன் மீட்டியதும் அவள் கண் விரிந்தது.

"இன்னொரு தடவை," என்றாள், பல்லை எடுக்காமலே.

அவள் சினிமா டைரக்டர். முதல் படம். காது கேட்காமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு கடிகார மெக்கானிக்கின் கதை.

"கடைசியில அவருக்கு என்னதான் கேக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலயே. பாத்துடலாம்."

ஒட்டிக்கொள்ளும் சின்ன மைக்கைத் தன் தாடையில் பொருத்திக்கொண்டான். அக்கா புண்ணியத்தில் பிளாஸ்திரிக்குப் பஞ்சமில்லை. கிட்டாரைக் கடித்தபடி படத்தின் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து வாசித்தான். மூச்சு, எச்சில் விழுங்குவது, கம்பியின் முனகல் எல்லாம் ஒன்றாகப் பதிவாயின.

தயாரிப்பாளருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவர் வயலின் கோஷ்டியை வைத்து வேறு இசை எடுத்துவிட்டார். ஒலிக்கலவை அறையில் இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னாள் டைரக்டர். வயலின் முடிந்ததும் அவர் தலையாட்டினார். அடுத்தது கரமுராவுடையது. அவர் கைப்பேசியை எடுத்தார், வைத்தார், முன்னால் சாய்ந்தார். பிறகு எழுந்து போய் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி, இது எங்கேருந்து வருது?"

"என் தாடையிலேருந்து சார்."

"விளையாடாதீங்க."

அவன் கைக்குட்டையை நீட்டினான். அவ்வளவு பெரிய மனிதர், தொப்பையைச் சரித்துக் குனிந்து கிட்டாரைக் கடித்தார். கரமுரா ஒரு கம்பியை மீட்டினான்.

"எனக்கு இன்னும் பிடிக்கல," என்றார் நிமிர்ந்து. "ஆனா அந்த ஆளுக்கு அடுத்து என்ன கேக்கும்னு தெரிஞ்சாகணும்போல இருக்கு. இதையே வைங்க."

படம் சுமாராக ஓடியது. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்று சில தியேட்டர்களில் சண்டைகூட நடந்தது. ஆனால் வேறு யாராலும் முடியாத சத்தம் வேண்டுமென்றால் டைரக்டர்கள் கரமுராவைத் தேடி வரத் தொடங்கினார்கள். பனிக்கு ஒரு சத்தம், பொய்க்கு ஒன்று, பயத்துக்குப் பல என்று படங்கள் சேர்ந்தன.

வருஷங்கள் கழித்து ஒரு டைரக்டர் வந்து, "ஒரு குழந்தை நடக்கப் பழகுது. சாதாரணமா, முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு போதும்," என்றார்.

கரமுரா திகைத்துப் போனான். அப்படி ஒன்றை அவன் செய்ததே இல்லை. கம்பிகளுக்கு நடுவே எதையும் செருகாமல் உட்கார்ந்தான். எந்தப் பேய்ப் படமும் அவனை இந்தப் பாடு படுத்தியதில்லை. டைரக்டர் பொறுமையிழந்து போன் செய்தார்.

"எளிமையானதுதானே கேட்டேன்?"

"அதான் சார். இது எப்படி நடக்குதுன்னு இப்பதான் பிரிச்சுப் பாத்துட்டு இருக்கேன்."

ஒருவழியாக மெட்டு பிறந்தது. படம் வந்த பிறகு ஒரு நாள் லிப்டில், முன்பின் தெரியாத ஒரு அம்மா அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவன் போக வேண்டிய மாடி வந்தது, கதவு திறந்தது, மூடியது. அவன் இறங்கவில்லை.

"ஏங்க, தப்பா நினைக்காதீங்க. இதுல எந்த இடம் உங்களை விடமாட்டேங்குது?" என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் அவருடைய மாடியில் இறங்கினான்.