மூன்றாவது இடம் இல்லாத துப்பாக்கி

...வேண்டாம் என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லை வெர்ன், இது உன்னிடமே இருக்கட்டும் என்று, ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்த ஆள், கொடுக்கிறேன் என்றதும் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன், இப்போது பின் சீட்டில் நீளப் பெட்டி கிடக்கிறது, பெட்டிக்குள் அந்தத் துப்பாக்கி, ஆற்றோரச் சாலையில் வண்டி பாட்டுக்கு வீட்டைப் பார்த்துப் போகிறது, மனசு மட்டும் வெர்னன் ஹாக்கெட்டின் சமையலறையிலேயே நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நாள்தானே? பிறகு ஏன் ரேடியோவைப் போடக்கூடக் கை போகவில்லை?

என் மனைவி டோரீன் கேட்பாள், எப்போதும் கேட்பதுதான், "வீட்ல பதினொண்ணு இருக்கு, எல்லாம் குழாய், எல்லாம் கறுப்பு, இன்னொண்ணு எதுக்குங்க?" என்ன பதில் சொல்ல? பட்டாளத்தில் பையன்கள் சுமந்துகொண்டு காட்டுக்குள் சண்டைக்குப் போன துப்பாக்கியின் தம்பி இது, அதே உடம்பு, அதே முக்கோண முன்பிடி, மேலே பெட்டி தூக்குவதுபோல் தூக்க அதே கைப்பிடி, பக்கவாட்டில் முன்காலைத் தூக்கி நிற்கிற குதிரைக்குட்டி முத்திரை, எடை மூன்று கிலோகூட வராது. எழுபத்து நான்காம் வருடத்தில் பெயிண்ட் டப்பாவும் ஆணியும் விற்கிற கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்து விற்றார்கள், வெர்னன் அப்படித்தான் வாங்கினான். இப்போது வருகிறவற்றில் விளக்கு, கண்ணாடி, கால், வால் எல்லாம் தொங்கவிட்டுக் கிறிஸ்துமஸ் மரம் ஆக்கிவிடுகிறார்கள், இதில் சேர்க்க ஒன்றுமில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. ஒரே வித்தியாசம், பட்டாளத்துக்காரனின் துப்பாக்கியில் கட்டைவிரலால் திருப்புகிற நெம்புகோலுக்கு மூன்று இடம், இதற்கு இரண்டு, பூட்டு, சுடு, அவ்வளவுதான், வைத்த விரலை எடுக்கும்வரை குண்டு பொழிகிற அந்த மூன்றாவது இடத்தில் வெறும் இரும்பு. ஒருமுறை வெர்னன் சொன்னான், தான் போய் வந்த அந்தக் காட்டுப் போரைப் பற்றி என்னிடம் அவன் சொன்னது மொத்தமே அவ்வளவுதான், "ராத்திரி முழிப்பு வந்தா எடுத்து வச்சுக்குவேன்டா ரஸ், கட்டைவிரல் தானா மூணாவது இடத்தைத் தேடும், அங்க ஒண்ணும் இருக்காது, சரி வீட்லதான் இருக்கோம்னு படுத்துக்குவேன்." நான் போகவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பிறந்தநாள் சீட்டுக் குலுக்கலில் எனக்கு முந்நூற்றுப் பதினொன்று, கூப்பிடவே இல்லை. போகாதவனுக்குத்தான் இதன்மேல் இத்தனை ஆசை, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இன்று காலை மேசைமேல் பெட்டியைத் திறந்தான், பூட்டுக்கட்டையைப் பின்னால் இழுத்து குண்டு உட்காருகிற அறையைக் காட்டினான், "காலி" என்றான், நானும் குனிந்து பார்த்து சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவி "காலி" என்றேன், அது இல்லாமல் எங்கள் பக்கம் எவனும் எவனிடமும் துப்பாக்கி கொடுக்கமாட்டான், அப்பன் மகனுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். பிறகு அந்தக் காலத்து ரசீது, கையேடு, துடைக்கிற கம்பி எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தள்ளினான். "எண்ணெய் கொஞ்சமா போடு. நீ பான்கேக் சுடற மாதிரி ஊத்துவ." சிரித்தேன், அவனும் சிரித்தான், நல்ல சிரிப்புதான், குறை சொல்ல முடியாது. காசு எடுத்தேன், தட்டிவிட்டான். "என்ன வெர்ன், திடீர்னு?" என்றேன். "வயசாயிடுச்சுடா, தோள் தாங்க மாட்டேங்குது." தோள்! என் பேத்திக்குப் பதினொரு வயது, இதே துப்பாக்கியைப் போன கோடையில் எங்கள் துப்பாக்கி கிளப்பில் சுட்டுவிட்டு இவ்வளவுதானா என்றாள், உலகத்திலேயே தோளை உதைக்காத துப்பாக்கி ஒன்று உண்டென்றால் அது இதுதான், அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? "ஆமா, வயசாகுது இல்ல" என்றேன்.

முன்னால், மோட்டார் வண்டியே ஓட்டாத ஆமிஷ்காரர் ஒருவரின் குதிரைவண்டி, கறுப்புப் பெட்டி, பின்னால் ஆரஞ்சு முக்கோணம், வளைவில் முந்த முடியாது, நல்லதாகப் போயிற்று, மெதுவாகவே போகட்டும், வீடு இப்போது வர வேண்டாம். காலையில் அவன் நாயைக் காணோமே... டக்கர் எங்கே என்று கேட்டேன், மகள் வந்து ஒஹாயோவுக்குக் கூட்டிப்போய்விட்டாளாம், அவள் பிள்ளைகளுக்கு ஆசையாம். அவன் மனைவி ஆர்லீன் மார்ச்சில் செத்துப்போன பிறகு அந்த நாய்தான் அவன் கட்டிலில் படுத்துக்கொண்டது, அதையா கொடுத்தான்? "திங்கக்கிழமை மான் வேட்டைக்கு கேம்ப்புக்கு வர்றல்ல?" என்றதற்கு "பாப்போம்" என்றான். நாற்பது வருடத்தில் அந்தத் திங்கள்கிழமைக்கு அவன் பாப்போம் என்று சொன்னதே கிடையாது, சிறுநீரகத்தில் கல்லை வைத்துக்கொண்டே வந்து மரத்தடியில் உட்கார்ந்தவன். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கண் பாதி பெட்டிமேல். கிளப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், நண்பன் தனக்கே ஏதாவது செய்துகொள்வானோ என்று தோன்றினால் அவன் துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் உன் வீட்டில் வாங்கி வை, வெட்கப்படாமல் கேள் என்று, அந்தத் தாளை ஒட்டியதே நான்தான், நாலு மூலைக்கும் நாலு ஊசி குத்தி.

சரி, வாங்கிவிட்டேனே, தெரியாமலே நல்லது செய்துவிட்டேனே, இதோ பின்னால் இருக்கிறதே... என்று ஒரு நிமிடம் மனசு தன்னைத்தானே தட்டிக்கொடுத்தது, அடுத்த நிமிடமே கால் பிரேக்கை மிதித்தது. எதை வாங்கினேன்? விழித்த இரவுகளில் அவனைப் படுக்க வைத்ததை வாங்கினேன். மான் துப்பாக்கிகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. ஆர்லீனின் ரிவால்வர் ரொட்டிப் பெட்டிக்குக் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அவனிடம் விட்டுவிட்டு, இருப்பதிலேயே அவனுக்கு நல்லது செய்த ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறேன், விசில் அடிக்காத குறையாக.

மெதடிஸ்ட் சர்ச் மைதானத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். என்ன கேட்பது? ஆம்பளைகள் இரண்டு பேர் இதை எப்படிக் கேட்டுக்கொள்வது? சும்மா இருக்கிற துப்பாக்கிகளைக் குறைக்கிறான், ஆண்பிள்ளை இல்லை, எனக்குக் கொடுக்கிறான், நான் கிழட்டுப் பயத்தில் கண்டதையும் கற்பனை செய்கிறேன் என்றால்? நாளைக் காலை கிளப்பில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்... இல்லை, சிரிப்புக்கா பயந்தேன்? தோள் என்று அவன் சொன்னபோதே கேட்டிருக்கலாம், வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் இது உனக்குத்தான் வேண்டும் என்று பெட்டியை மூடி அவன் பக்கமே தள்ள வேண்டியிருக்கும். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதானா நான், ஒரு குதிரைக்குட்டி முத்திரைக்கு? என்மேலேயே அருவருப்பாக இருந்தது, அந்த அருவருப்பில்தான் விரல் எண்ணை அமுக்கியது.

மணி அடித்தது, அடித்தது, எடுக்கமாட்டேன் என்கிறான், ஐந்து, ஆறு, நான் கடவுளிடம் பேரம் பேசத் தொடங்கியிருந்தேன், எடுத்தான்.

"என்னடா, எண்ணெய் ஊத்தி முடிச்சுட்டியா?"

"வெர்ன், அலமாரியில இருக்கறது, ஆர்லீனோட அந்தச் சின்னது... எல்லாத்தையும் கொஞ்ச நாள் என் வீட்ல வச்சுக்கட்டுமா?"

எதற்கு என்று கேட்பான், பைத்தியமாடா உனக்கு என்பான், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"எவ்வளவு தூரத்துல இருக்க?" என்றான்.

"பன்னெண்டு மைல்."

"சரி," என்றான், "போனை வைக்காம வா." எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை.